குல்லாவில் இருந்த முடி

பிளாக் 19, நெய்வேலி
18.8.2014

அன்புள்ள நாகம்மாளுக்கு,

விருத்தாம்பாள் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றிருப்பாய். பிரித்துவிட்டாய் அல்லவா, அதுவே போதும். இங்கே உன் அண்ணன் சௌக்கியம். சோமு சௌக்கியம், என் பிள்ளைக்கு இன்னும் காண்ட்ராக்ட் வேலைதான். தம்பிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? காலில் புண் வராமல் பார்த்துக்கொள். உனக்குப் புருஷனானாலும் எனக்குக் கூடப் பிறந்தவன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

நாலு வருஷமாக நமக்குள் பேச்சில்லை. போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். தம்பி எடுத்தால் நானே வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பழையதைக் கிளறுவதற்காக இல்லை.

எதிர் குவார்ட்டர்ஸில் இருக்கும் மலையாளத்து அம்மா கம்பளி நூலில் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு, முறைக்கு உன் அண்ணனுக்கு, ஒரு மஃப்ளர் பின்னினேன். "நெய்வேலி வெயிலுக்கு இது எதுக்குடி?" என்று கேட்டுக்கொண்டே செகண்ட் ஷிப்டுக்குக் கட்டிக்கொண்டு போனார். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் கேலி செய்தார்களாம். ஆனாலும் மறுநாளும் கட்டிக்கொண்டுதான் போனார். பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு பை, சோமுவின் சிநேகிதர்களுக்குக் குல்லா என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒன்றொன்று பின்னிக்கொண்டிருக்கிறேன்.

உன் பெண் சத்யா மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஓசூர் குளிரில் பிறக்கப்போகிற குழந்தைக்கு என் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆசை. என்ன நிறம் பிடிக்கும் என்று அவளைக் கேட்டு எழுது.

தம்பிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

உன் அண்ணி,
விருத்தாம்பாள்

*

ஓசூர்
9.9.2014

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கு அனைவரும் நலம். உங்கள் தம்பிக்குச் சர்க்கரை முன்போலத்தான்.

சத்யா உண்டாகியிருப்பதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டிலேயே சிலருக்குத்தான் தெரியும். போன தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனதால், இந்தத் தடவை வாயைத் திறக்காமல் இருக்கிறோம். உங்களுக்கு யார் சொன்னது? மறைக்காமல் எழுதுங்கள்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்குத் துணிமணி எடுத்து வைக்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும். அதனால் சிரமப்பட வேண்டாம். இத்தனை காலம் இல்லாத ஆசை இப்போது எதற்கு வந்தது என்றும் எனக்குப் புரியவில்லை.

அண்ணனுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
நாகம்மாள்

*

பிளாக் 19, நெய்வேலி
30.9.2014

அன்புள்ள நாகம்மாளுக்கு,

உன் அண்ணனுக்கு லேசான சளி. மற்றபடி வீட்டில் குறையில்லை. இந்த வருஷம் வெயில் புரட்டாசியிலும் விடவில்லை. கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் மாலையில் நிலக்கரித் தூசியோடுதான் வருகிறது. உன் வீட்டில் மழை உண்டா?

சத்யா விஷயத்தைச் சொன்னது குள்ளஞ்சாவடி கலியம்மாள்தான். நம் பெரியப்பா மகளுக்குத் தெரியாமல் இந்தக் குடும்பத்தில் எது நடந்திருக்கிறது? அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நீ வேண்டாம் என்று எழுதிய பிறகும் பார்சல் அனுப்புகிறேன். வழக்கம் எனக்கும் தெரியும். பிறக்கும் வரையில் யார் கண்ணிலும் படாமல் பெட்டியில் போட்டு வை. பிறந்த பிறகு நிதானமாகப் பின்னலாம்தான், ஆனால் அப்போது எனக்கு எப்படி ஒழியுமோ தெரியாது. சோமுவுக்குப் பெண் பார்க்க வேண்டும், உன் அண்ணன் ரிடையர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஆயிரம் வேலை. ஒரு குல்லா, காலுறை, ஒரு ஸ்வெட்டர். நிறம் நீ எழுதாததால் நானே மெரூன் எடுத்தேன். புதுச்சேரிக்கு அடிக்கடி போய்வருகிறேன். நல்ல நூல் அங்கேதான் கிடைக்கிறது.

சத்யாவைக் கனமான குடத்தைத் தூக்க விடாதே.

உன் அண்ணி,
விருத்தாம்பாள்

*

ஓசூர்
21.10.2014

அண்ணிக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

பார்சல் வந்த அதே வாரம் சத்யாவுக்கு ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கடைசி வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் பார்சலை எடுத்துப் பார்த்தேன். குல்லாவில் ஒரு முடி. மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிட்டிருப்பேன். இழுத்தால் வரவில்லை. நூலோடு நூலாக உள்ளே வைத்துப் பின்னியிருக்கிறது. காலுறையிலும் அப்படியே. ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்தேன். நெஞ்சுப் பக்கத்தில் இன்னும் நீளமாக ஒன்று. பெண்பிள்ளை முடி. தவறி ஒன்று விழலாம். எல்லாவற்றிலுமா விழும்?

கலியம்மாளுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் குள்ளஞ்சாவடியில் அவள் பஸ் ஏறியபோது நீங்கள் புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்தீர்களாம். தலையில் முக்காடு. அவளைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்களாம். "என்னாத்துக்கு ஒளியணும்? நூல் வாங்கப் போறவ முக்காடு போட்டுகினா போவா?" என்று அவளே கேட்கிறாள். அண்ணி, புதுச்சேரியில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

நான் ஒன்றையும் மறக்கவில்லை. காண்ட்ராக்ட் வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னது உண்மை. அதற்கு நீங்கள் கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில் என்ன சொன்னீர்கள்? "எம்புள்ளைக்கு இல்லாத பொண்ண வேற எவனுக்குக் குடுத்து நீ பேரப்புள்ள எடுக்கறேன்னு நானும் பாக்கறேன்டி." சொன்னீர்களா இல்லையா? அதற்குப் பிறகு முதல் பிள்ளை தங்கவில்லை. இப்போது முடி வைத்துப் பின்னிய துணி வருகிறது. நான் என்ன நினைக்கட்டும்?

பார்சலை வீட்டுக்குள் வைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பதில் எழுதுங்கள்.

நாகம்மாள்

*

நெய்வேலி
27.11.2014

அன்புள்ள நாகம்மாளுக்கு,

சத்யா எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது.

முடி என்னுடையதுதான். கண்ணுக்குத் தெரியவில்லை. என் கவனக்குறைவு. வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்புவாயா? அந்தத் துணி வேண்டாமென்றால் எரித்துவிடு. வருத்தப்பட மாட்டேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் எழுதினால் நீளும். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னாயா? சொல்லாதிருந்தால் சொல்ல வேண்டாம்.

விருத்தாம்பாள்

*

ஓசூர்
8.12.2014

அண்ணிக்கு,

சத்யா படுத்தபடியே இருக்கிறாள். பிள்ளை அசைகிறது. கேட்டதற்காக எழுதுகிறேன்.

முடி உங்களுடையது என்று ஒத்துக்கொள்கிறீர்கள். எப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். எரிக்கவும் சொல்கிறீர்கள். எரித்தால் என்ன ஆகும் என்பதையும் யாரையாவது கேட்டு வைத்திருக்கிறீர்களோ என்னவோ. நான் இங்கே ஒருவரிடம் குறி கேட்டேன். "ரத்த சொந்தம், பெண் கை" என்றார். பெயர் நான் சொல்லவில்லை.

அதனால் எரிக்கவில்லை. மூன்றையும் அப்படியே கட்டி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். எங்கள் பிள்ளைக்கென்று எதை நினைத்துப் பின்னினீர்களோ, அது உங்கள் வீட்டுக்கே வந்து சேரட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

நாகம்மாள்

*

நெய்வேலி
22.12.2014

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

சோமசுந்தரம் எழுதுகிறேன். மாமாவும் சத்யாவும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். உள்ளே இருந்த கடிதத்தையும் படித்தேன். அம்மா அதைக் கேட்டார்கள். "கடுதாசி எதுவும் இல்லம்மா" என்று சொன்னேன். பார்சலை மட்டும் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சத்யாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் இல்லை, அத்தை. பெரியவர்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதற்காக எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

இனி நீங்கள் எழுதுவது எதையும் அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் நேரில் வாருங்கள். வந்து முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

இப்படிக்கு,
சோமசுந்தரம்

*

நெய்வேலி
4.1.2015

அன்புள்ள சத்யா அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள். சத்யாவை அவள் மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்று நீங்கள் அசந்துவிட வேண்டாம்.

கலியம்மாள் பேத்தி காதுகுத்துக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னது பொய். நான் வந்தது உங்கள் அக்கா வீட்டுக்கு. போனில் "வந்துட்டேன்" என்பதற்கு மேல் என் வாயில் வரவில்லை. அதனால் எழுதி, சோமுவுக்குத் தெரிந்த பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ஆகஸ்டிலிருந்து உங்கள் அக்கா எனக்குக் கடிதம் எழுதினார். சத்யா குழந்தைக்குக் கம்பளித் துணி பின்னி அனுப்பினார். அதில் முடி இருந்தது. செய்வினை என்று நினைத்து நான் திருப்பி அனுப்பினேன். சோமு, சந்தேகமிருந்தால் நேரில் வா என்று எழுதினான். அதைச் சவாலாகத்தான் எடுத்துக்கொண்டேன். விருத்தாசலத்தில் பஸ் மாறி, நெய்வேலி ஆர்ச்சில் இறங்கி, ஆட்டோ பிடித்து பிளாக் 19 வரும் வரைக்கும் என்னென்ன கேட்பது என்று மனதில் அடுக்கிக்கொண்டே வந்தேன். தெருவில் நாலு பேர் கேட்கும்படி கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் நாற்காலியில் ஒரு வயதான ஆள் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு முடியில்லை. புருவமும் இல்லை. உங்கள் அக்காவின் மாமனாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவர் செத்துப் பத்து வருஷமாகிறது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. நைட்டி போட்டிருக்கிறாரே என்று பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"வாடி நாகம்மா. சண்ட போட வந்தியா? ஒக்காந்து போடு. நின்னுகினே போட்டா கால் வலிக்கும்."

குரல் மட்டும் மாறவில்லை. நான் பையைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பாப்பா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

மார்பில் கட்டி. ஜூலையில் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேதான் ஊசி மருந்து ஏற்றியிருக்கிறார்கள். மருந்து ஏற்றிய நாளெல்லாம் வாந்தி. படுத்தால் பயம் வருகிறது என்று உட்கார்ந்து பின்னியிருக்கிறார். முடி கொத்துக்கொத்தாக மடியிலும் நூலிலும் விழுந்திருக்கிறது. "மெரூன் நூல்ல கருப்பு எங்கடி தெரியுது? கண்ணு வேற மங்கலா இருந்துச்சு" என்கிறார். பஸ்ஸில் முக்காடு போட்டதும் மொட்டைத் தலையை மறைக்கத்தான்.

நான் அழுதுகொண்டே சண்டைதான் போட்டேன். "ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் இப்படிப் பேசியிருப்பனாங்க அண்ணி? எதுக்கு மறைச்சீங்க?"

"எழுதியிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

"ஓடி வந்திருப்பேன்."

"வந்திருப்ப. அத நான் இல்லேங்கல. சாவப்போறவ பின்னுன துணிய உம் பேரப்புள்ளைக்குப் போடுவியா? அதச் சொல்லு."

போடுவேன் என்று பொய் சொல்லலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்ட. நானா இருந்தாலும் போட மாட்டேன். அதான் சொல்லல. மண்டபத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். சொன்னத அள்ள முடியுமா? நல்லா இருக்கட்டும்னு நெனச்சிகினே ஒண்ணு செஞ்சி குடுத்துட்டுப் போலாம்னு பாத்தேன். அதுலயும் முடி வந்து விழுந்துச்சி."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அவர் எழுதிய கடிதங்களைப் பஸ்ஸில் படிப்பதற்காகப் பையில் எடுத்து வந்திருந்தேன், சண்டைக்கு ஆதாரமாக. ராத்திரி எடுத்துப் பார்த்தேன். உன் அண்ணன் சௌக்கியம், சோமு சௌக்கியம் என்றுதான் எழுதியிருக்கிறார். தான் சௌக்கியம் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்த எனக்கு இது கண்ணில் படவில்லை.

நான் எழுதி அனுப்பிய ஒரு வாக்கியத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சோமு அதைக் கிழித்துவிட்டான். அவரிடம் சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நான் வேண்டாம் என்றேன்.

பொங்கல் கழிந்து ஆபரேஷன். உங்கள் அக்கா உங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. லீவு போட்டுவிட்டு வாருங்கள். அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன்.

நாகம்மாள்

*

ஓசூர்
11.1.2015

அன்புள்ள அத்தைக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் வரி மேலே ஏறுகிறது. அப்பா இதைக் கையில் கொண்டுவருகிறார். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அழுவார், திட்டாதீர்கள். மாமா நலமா? சோமு மாமா நலமா? நீங்கள் நலமில்லை என்று தெரியும், ஆகையால் கேட்கவில்லை. எப்போது நலமாவீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு எதையும் யாரும் சொல்லவில்லை. பார்சல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. என் பிள்ளைக்கு வந்த துணியை என்னைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம் என்று அம்மாவிடம் போனில் சத்தம் போட்டேன். உங்கள் வியாதி தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை, துணியில் ஏறிவராது என்று என் டாக்டர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

மூன்றையும் அப்பாவிடம் கொடுத்தனுப்புங்கள். எனக்கு மெரூன் பிடிக்கும்.

உங்கள்,
சத்யா

*

நெய்வேலி
22.4.2015

அன்புள்ள நாகம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது: நான் சுமாராக இருக்கிறேன். ஆபரேஷன் பண்ணிய பக்கத்துக் கை இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. ரேடியேஷன் என்று கரண்ட் வைப்பது போன வாரம் முடிந்தது. தோல் கருத்துப்போயிருக்கிறது. சாப்பாடு இறங்குகிறது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். என்ன ஆகுமென்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் அண்ணன் ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

பேத்தி பிறந்த செய்தி வந்தபோது நான் புதுச்சேரியில் படுக்கையில் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சோமு மிட்டாய் கொடுத்தான். சத்யாவுக்கு உடம்பு தேறிவிட்டதா? தாய்ப்பால் போதுமா?

நீ சோமுவின் போனுக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். குல்லா கண்ணை மறைக்கிறது, பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கே சத்யா அனுப்பிய இன்னொரு போட்டோவில் குழந்தை வெள்ளைச் சட்டையோடு இருக்கிறாள். அதே பொட்டு, அதே கட்டில். நீ எனக்குக் காட்டுவதற்காகப் போட்டுவிட்டு உடனே கழற்றிவிட்டாய், அப்படித்தானே? மறைக்காமல் எழுது. கோபமில்லை. உன்னை எனக்குத் தெரியாதா?

உன் அண்ணி,
விருத்தாம்பாள்

*

ஓசூர்
2.5.2015

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுமார் என்று எழுதியதை உங்கள் தம்பி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். சத்யா தேறிவிட்டாள். பால் போதும். பேத்தி பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் எங்களை விழிக்க வைக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், கழற்றிவிட்டேன். போட்டோ எடுத்த கையோடு கழற்றினேன். உட்கார்ந்து ஒவ்வொரு முடியாக ஊசியால் எடுத்த பிறகும், துவைத்துக் காயவைத்த பிறகும், அதை அவள் மேல் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. சத்யா கத்துகிறாள். அவள் போடுகிறாள், அவள் அந்தப் பக்கம் போனதும் நான் கழற்றுகிறேன். உங்கள் மேல் இப்போது எனக்குச் சந்தேகம் ஒரு துளியும் இல்லை, அண்ணி. சத்தியமாக இல்லை. இது வெறும் பயம். டாக்டர் சொன்னதும் புரிகிறது, நீங்கள் எந்த மனதோடு பின்னினீர்கள் என்பதும் புரிகிறது. கை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லாமலே இருந்திருப்பேன். கேட்டுவிட்டீர்கள். இனிமேல் உங்களிடம் மறைப்பதாக இல்லை.

இங்கே கோடை மழை பெய்து நல்ல குளிர். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அத்தை வராமல் வைக்கக் கூடாது என்று சத்யா பிடிவாதமாக இருக்கிறாள். நீங்கள் வந்து உங்கள் மடியில் போட்டுக்கொண்டு, உங்கள் கையாலேயே அந்த ஸ்வெட்டரை மாட்டுங்கள். குழந்தையோடு குழந்தையாக நீங்களும் நாலு நாள் என் கண்ணெதிரில் நடமாடினால் என் பயம் போகும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தம்பி காரோடு அங்கே வருகிறார். கை வலி, குவார்ட்டர்ஸ் காலி செய்ய வேண்டும் என்று ஏதாவது சொல்லி நின்றுவிடாதீர்கள். அவர் தனியாக வந்து நின்றால், நான் கதவைத் திறக்கப்போவதில்லை.

அண்ணனுக்கும் சோமுவுக்கும் என் அன்பு.

உங்கள்,
நாகம்மாள்